இரண்டு கணினிக்கு ஒரு திரை

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீடு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் செம்பனைத் தோட்டம். சாமான் போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து அதில்தான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சின்ன விசிறி. அதற்கு மேல் ஒரு பூனை உள்ளே வந்தாலும் நான் வெளியே போக வேண்டும்.

அந்த அறைக்குள் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று சிங்கப்பூர் நிறுவனம் கொடுத்த மடிக்கணினி. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தங்குவிடுதிகளில் ஒட்டுகிற அறிவிப்புகளைத் தமிழில் எழுதி அனுப்புவது என் வேலை. தண்ணீர் எப்போது நிற்கும், மருந்தகம் எங்கே இருக்கிறது, பால்கனியில் அடுப்பு மூட்டக்கூடாது என்கிற மாதிரியான விஷயங்கள். வாசலைத் தாண்டாமல் செய்யக்கூடிய சிங்கப்பூர் வேலை. ஜொகூரில் அது லேசில் கிடைக்காது. இன்னொன்று என்னுடைய சொந்தக் கணினி. அதில் ஊர்க்காரர்களின் கலியாணப் பத்திரிகை, கருமக்கிரியை அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் தட்டிக் கொடுப்பேன். நிறுவனத்தின் கணினியில் வெளி வேலை செய்யக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அதனால் இரண்டும் வேண்டியிருந்தது. மேசையோ ஒன்றுக்கு மேல் தாங்காது.

மடிக்கணினியின் குட்டித் திரையைக் குனிந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தார். கழுத்து வலி என்று சொன்னால் தைலம் தேய்த்துவிடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்தார். சோப்பு டப்பா அளவு கறுப்புப் பெட்டி. பின்னால் வரிசையாக ஓட்டைகள், மேலே ஒரு பொத்தான். ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ் ஆகிய மூன்றும் அதில் செருகப்படும். இரண்டு கணினிகளும் அதிலேயே வந்து சேரும். பொத்தானை அமுக்கினால் மூன்றும் இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்குப் போய்விடும். கேவிஎம் சுவிட்ச் என்று பெயராம். எங்கள் வீட்டில் அதற்கு ‘பொட்டி’ என்றுதான் பெயர்.

வந்த அன்றைக்கே பெட்டி மக்கர் செய்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு நொண்டி நொண்டிப் போனது. சில நேரம் நின்ற இடத்தில் நின்றது. மடிக்கணினிக்கு மாற்றினால் திரை கறுத்துப்போய், இணைப்பு இல்லை என்று சொன்னது. என் கணினிக்குத் திரும்பினால் எழுத்தெல்லாம் பூசணிக்காயாகப் பெருத்திருந்தது.

“அலமாக், புதுசுலேயே ரோசாக்கா?” என்றேன். கெட்டுப்போன எதுவும் எங்களுக்கு ரோசாக்தான்.

“பொட்டி மேல பழிய போடாத. போட்ட வயர மொதல்ல பாப்போம்” என்றார் அவர்.

இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். மாற்றியதும் இரண்டு பக்கமும் போய்வந்து பார்ப்பார், பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார். மவுஸுக்கு வயர் கிடையாது. அதன் சிக்னலைப் பிடிக்க நகம் அளவு ஒரு வாங்கி உண்டு. அதை விசைப்பலகைக்கு என்று இருந்த ஓட்டையில் நான்தான் செருகியிருந்தேன். அந்த ஓட்டை தனக்கு வருவதெல்லாம் விசைப்பலகை என்றே நினைத்துக்கொள்ளுமாம். பக்கத்தில் சாதாரண ஓட்டையில் மாற்றினார். அப்போதும் அம்பு லேசாக உதறியது. ஒரு சாண் வயர் கொடுத்து வாங்கியை மேசைக்கு மேலே கொண்டுவந்தார். உதறல் நின்றது.

திரைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெட்டிக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் அடாப்டரை நான் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதை மாட்டினார். நீளமான திரை வயரைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போட்டார். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் திரை, அடுத்து பெட்டி, கடைசியில் கணினி என்று வரிசையாகத் திறந்தார். எந்தத் திரை எந்த அளவு என்று கணினி பெட்டியிடம் கேட்குமாம். பெட்டி விழித்திருந்தால்தானே பதில் சொல்லும் என்றார். எழுத்துகள் பழைய அளவுக்கு இளைத்தன. இரண்டு கணினியும் ஒழுங்காக வந்தன.

ஒரு வாரம், புதுப் பெட்டியாயிற்றே என்று பார்த்துப் பார்த்து மெதுவாகத் தட்டினேன், எந்தத் தொல்லையும் இல்லை. அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது.

நான் தட்டும்போது திரையைப் பார்ப்பதில்லை. கண் எப்போதும் இடது பக்கம் வைத்திருக்கும் கைப்பிரதியில் இருக்கும். குளுவாங்கில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து அப்படித்தான். திரையைப் பார்த்துத் தட்டுகிறவர்களை அங்கே கேலி செய்வார்கள். ஒரு பத்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தால் பத்தி இருக்காது. திரையில் வேறு கணினி இருக்கும். நான் தட்டியதில் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் கிடக்கும். நடுவில் நான் பொத்தானை அமுக்கிய ஞாபகம் துளியும் இருக்காது.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஏதேதோ தட்டினார். மாறவில்லை. என்னைத் தட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் என் விரல் தானாக நிதானமாகிவிடும். அப்போதும் மாறவில்லை.

“கை பட்டிருக்கும். பொத்தான் பக்கத்துலேயே இருக்கு பாரு” என்றார். பெட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அவர் காலை ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு மறுபடியும் மாறியது. வேகமாக, ஆழ்ந்து வேலை செய்கிற நேரத்தில் மட்டும் மாறியது. யாராவது பார்த்தால் மாறாது.

எனக்குப் பயம் வந்தது. சாஆ என்கிற ஊரில் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். என் இப்போதைய வயதைவிட நாலைந்து வயது கூடும்போதே அவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது. அடுப்பைப் பற்ற வைப்பார், யார் பற்ற வைத்தது என்று கேட்பார். கை செய்தது தலைக்குத் தெரியாது. கடைசிவரை அப்படியே போனார். என் கணவரும் அவரைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். எனக்கும் அதுதான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பொத்தானை அமுக்குவது என் கை, அது என் தலைக்குத் தெரியவில்லை. வேறு எப்படி யோசித்துப் பார்த்தாலும் அந்த இடத்தில்தான் வந்து நின்றது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பட்டது. அதற்குப் பதிலாகப் பெட்டியைத் திட்டினேன். அவர் காதில் விழும்படி உரக்கத் திட்டினேன். சனியன் பிடித்த பெட்டி, எந்த ஊர்க் குப்பையோ, இன்றைக்கும் தன் புத்தியைக் காட்டிவிட்டது என்றெல்லாம் சொல்வேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், தொழிற்சாலையில் இரண்டு கணினிகளுக்கு நடுவே மாட்டிச் சில நாள் ஓடவிட்டுப் பார்த்தார்.

“உள்ள ஒரு சோல்டர் விட்டுப் போயிருந்துச்சு. திரும்பப் பத்த வச்சுட்டேன்” என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார்.

எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலை பசியாறும் நேரம் வரைக்கும்தான். தட்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டினேன். நிமிர்ந்தால் வேறு கணினி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் வேலை முடிந்து வந்து குளிப்பார். நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு, இன்றைக்கும் பொட்டி மாறிடுச்சு என்பேன். அவர் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியின் நாலு திருகாணிகளையும் கழற்றி ஒரு பால் டின் மூடியில் போடுவார். உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார், துடைப்பார், ஊதுவார். ஒரு நாள் ஈரம் ஏறியிருக்கிறது என்பார். இன்னொரு நாள் வயர் லூஸ், மற்றொரு நாள் பொத்தானுக்குக் கீழே எறும்பு. நான் நாற்காலியில் உட்கார்ந்து எறும்பையும் சேர்த்துத் திட்டுவேன். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த மனிதர் இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்கமாட்டார் என்று மனதுக்குள் கொஞ்சம் சிரித்துக்கூடக் கொண்டேன்.

பிறகு அந்த மரண அறிவிப்பு வந்தது. பெக்கான் நானாஸிலிருந்து ஒரு குடும்பம் அனுப்பியிருந்தது. இறந்தவரின் பெயர், வீட்டு முகவரி, இறுதிச் சடங்கு என்று வழக்கமான வரிசை. அவசரம் என்றார்கள். பெயரைத் தமிழில் தட்டி, முகவரியை அவர்கள் கொடுத்தபடி ஆங்கில எழுத்தில் தட்டி, மீண்டும் தமிழுக்கு வந்து கடகடவென்று முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் சிங்கப்பூர் அலுவலகத்தின் அரட்டைக் குழு. அன்றைக்கு எங்கள் மேற்பார்வையாளருக்குப் பிறந்த நாள். எல்லோரும் கேக்கும் பலூனும் போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். பத்தி முடிவில் நான் தட்டிய என்டர் அதை அனுப்பியும் விட்டிருந்தது, வாழ்த்துகளுக்கு நடுவே என் பெயரில் இப்படி இருந்தது: இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், அன்னாரின் நல்லுடல் பிற்பகல் தகனம் செய்யப்படும்.

குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. மேற்பார்வையாளர் எனக்கு மகள் வயதுப் பெண், சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அக்கா, ஆர் யூ ஓகே? போன வாரமும் மருந்தக நோட்டீஸ்ல பாதி லைன் காணோம். இது மூனாவது தடவ லா. நான் கம்ப்ளைண்ட் பண்ணல. ஆனா மேல கேப்பாங்க. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்களேன்.”

கம்ப்யூட்டர் கோளாறு என்றேன். அவள் சரி என்றாள். நம்பவில்லை. குரலில் இருந்த கனிவே அதைக் காட்டிக்கொடுத்தது. வயதானவர்களிடம் பேசும்போது நானும் அந்தக் குரலில்தான் பேசுவேன்.

இன்னும் ஒரு வாரம் பார்ப்பது, அதற்குள் நிற்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு குளுவாங் ஆஸ்பத்திரியில் தலையைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் ஒரு விதத்தில் தெளிவாக இருந்தது. என் கை எப்போது பொத்தானுக்குப் போகிறது என்பதை முதலில் எனக்கு நானே நிரூபித்துவிட வேண்டும். டாக்டர் கேட்டால் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, சமையலறையிலிருந்து எவர்சில்வர் குண்டானைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் கவிழ்த்தேன். வயர்கள் வெளியே வர ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தது. அதன் தலையில் சம்பால் இடிக்கிற கல்லுலக்கையை வைத்தேன். என் கை பொத்தானைத் தேடிப் போனால் உலக்கை உருண்டு தரையில் விழும். தெரு முழுக்கக் கேட்கும். தலைக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். பிறகு தங்குவிடுதி அறிவிப்பு ஒன்றை எடுத்து வைத்து, கண்ணைத் தாளில் பதித்து, என் வழக்கமான வேகத்தில் தட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். திரை மாறியிருந்தது. உலக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். குண்டானைத் தொட்டுப் பார்த்தேன். அசைத்தால் உலக்கை நிச்சயம் உருளும், அப்படித்தான் நின்றது. அப்படியானால் அது என் கை இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னேன். அறையில் யாரும் இல்லாததால் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் பிழை திருத்தும் வேலை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதே வாக்கியத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். மாறவில்லை. வார்த்தை வார்த்தையாக வேகத்தைக் கூட்டினேன். தமிழில் தட்டும்போது மாறவில்லை. ஆங்கிலத்தில் தொலைபேசி எண்ணும் தெருப் பெயரும் தட்டும்போதும் மாறவில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வருகிற இடத்தில் மாறியது. அங்கே மட்டும்தான் மாறியது.

அந்த இடத்தில் என் விரல் செய்வது எனக்கே மறந்துபோயிருந்தது. குளுவாங் அச்சகத்தில், யாருக்கும் எதற்கும் உதவாத விசை என்று ஸ்க்ரோல் லாக்கைத்தான் தமிழ் மாற்றும் விசையாக வைத்துக்கொண்டோம். முதல் தட்டில் பழைய எழுத்துரு வரும், கலியாணப் பத்திரிகைக்கு அது. இரண்டாவது தட்டில் இணையத்துக்குப் போகிற தமிழ். மூன்றாவது தட்டில் மறுபடியும் ஆங்கிலம். ஆகவே ஆங்கிலத்திலிருந்து இணையத் தமிழுக்கு வர இரண்டு தட்டு வேண்டும். டக் டக். அச்சகத்தை விட்டு வந்தும் இரண்டு கணினியிலும் அதே ஏற்பாட்டைத்தான் வைத்திருந்தேன். இந்தப் பெட்டிக்கோ, பொத்தானைத் தொடாமலே கணினியை மாற்ற ஒரு குறுக்குவழி இருப்பது அப்போதுதான் புரிந்தது. ஸ்க்ரோல் லாக்கை வேகமாக இரண்டு தடவை தட்டினால் போதும். நிதானமாகத் தட்டினால் பெட்டி கண்டுகொள்ளாது. நான் பயந்து, கவனித்து, மெதுவாகத் தட்டியபோதெல்லாம் அது சும்மா இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். என் கணவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். அவருக்குத் தமிழில் தட்டத் தெரியாது. அந்த விசையை அவர் தொட்டதே கிடையாது.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சந்தோஷம்தான். பிறகு அந்த விசைக்குப் பதில் வேறு விசையை மாற்றி வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலையை மதியத்துக்குள் முடித்தேன். பெட்டி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மாறவில்லை.

அவர் வந்ததும் குளிக்கக்கூட விடாமல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பழைய விசையை அமுக்கச் சொன்னேன். டக் டக் என்று அமுக்கினார். திரை மாறியது. மறுபடியும் அமுக்கினார். திரும்பி வந்தது. பிறகு நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். திரை அங்கும் இங்கும் போய்வந்தது.

“அப்ப உனக்கு ஒன்னும் இல்ல” என்றார். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

“எனக்கு என்ன?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. ஃபேக்டரியில ஓடவிட்டேன் இல்ல, அப்பவே தெரியும். சோல்டரெல்லாம் ஒன்னும் விடல.”

“அப்பறம் தினம் என்னத்தக் கழட்டுனீங்க?”

“கழட்டித் திருப்பி மாட்டுனேன். பொட்டியில ஒன்னும் இல்லன்னு சொன்னா நீ பயந்துடுவ. உங்க பெரியம்மா மாதிரின்னு நெனச்சுக்குவ.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குப் புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு, ஒவ்வொரு நாளும் என் எதிரே உட்கார்ந்து எறும்பு என்றும் ஈரம் என்றும் கதை அளந்திருக்கிறார். நான் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டேன். கேட்கும்போதே என் குரல் இறங்கிப்போனது. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பெட்டியைத் திட்டி அவரை ஏமாற்றிக்கொண்டுதானே இருந்தேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டியிருக்கிறோம், அதுவும் நன்றாகவே. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“இன்னொன்னும் இருக்கு” என்றார். “வேலைய விட்டுர்றேன்னு சொல்லிட்டேன். இந்த மாசத்தோட. உன்ன இங்க தனியா விட்டுட்டு ஷிஃப்ட்டுக்குப் போக மனசு வரல.”

“நாளைக்கே போய் வேணாம்னு சொல்லுங்க. நீங்க கேட்டா இல்லன்னா சொல்வாங்க?”

“ஆள் எடுத்தாச்சு. போன வாரத்துலேந்து நான்தான் அவருக்கு வேல சொல்லிக் கொடுக்கிறேன். நல்லாவே கத்துக்கிட்டாரு.”

ஆனாலும் மறுநாள் போய்க் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் வருத்தப்பட்டார்களாம். மாதக் கடைசியில் மத்தியான விருந்து வைத்து, தோளில் கை போட்டுப் படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு உட்கார்ந்தபோது, அவர் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அறையில் அதற்கு இடமே இல்லை. கதவைப் பாதி திறந்து வைத்து, வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்ததால் எனக்கு விரல் ஓடவில்லை. ஆனாலும் அவரை எழுந்து போகச் சொல்ல வாய் வரவில்லை.